ரோமாபுரியில் நான் சப்பாத்துக் கழற்றிய விபரம்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
20.10.1997

என்றும் என் மரியாதைக்குரிய பெரியண்ணா இராஜரட்ணம் அவர்களுக்கு, தம்பி குலசிங்கம் பதினெட்டாம் மாடியிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் மங்கையற்கரசியும் மகள் துவாரகாவும் குளிரையும் குளியலறை ஒழுக்கையும் தவிர வேறு குறை எதுவுமின்றி இருக்கிறோம். அங்கே வெள்ளவத்தையில் தங்கள் பிரஷர் இறங்கியும், அண்ணியின் முழங்கால் மடங்கியும், மகன் கிருபனின் உத்தியோகம் நிலைத்தும் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். பிள்ளையாரைத்தான் வேண்டுகிறேன் என்பதைத் தாங்கள் விசேடமாகக் கவனிக்கவேண்டும். காரணம் கீழே வருகிறது.

தங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமோ தெரியாது. "படம் கிடைத்தது. நீ கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாயா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது. கதை வேண்டாம்." இவ்வளவுதான். நாற்பது வருடம் தபாலதிபராக இருந்த நீங்கள் இன்றைக்கும் சொல்லை எண்ணித்தான் எழுதுகிறீர்கள். நான் வீதி இலாகாவில் ஓவசியராக இருந்தவன், நீளம் அகலம் உயரம் மூன்றையும் எழுதாமல் எந்த வேலைக்கும் கையெழுத்து வைத்துப் பழக்கமில்லை. ஓம் என்றோ இல்லை என்றோ எழுதத்தான் பேனையை எடுத்தேன். இரண்டும் முழுப் பொய்யாகவும் வரவில்லை, முழு உண்மையாகவும் வரவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அண்ணிக்கு வாசித்துக் காட்டவேண்டாம், அவ பயப்படுவா.

முதலில் அந்தப் படம். அனுப்பினவரின் பெயர் முகவரி இல்லாமல் வந்தது என்று உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். இதே கட்டடத்தில் பதினோராம் மாடியில் இருக்கிற ஸ்ரீஸ்கந்தராசா, கோயில் நிர்வாக சபைச் செயலாளர். போன மாதம் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்து, அல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இந்தப் படத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தவர். அவர் போன பிறகு அல்பத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அன்றிலிருந்து நான் அவரோடு கதைப்பதில்லை. லிஃப்டில் அவர் ஏறினால் நான் இறங்கி விடுவேன். போன கிழமை ஒருநாள் ஒன்பதாம் மாடியிலிருந்து பதினெட்டு வரை நடந்தே ஏறினேன். மங்கை என்னைப் பார்த்து, "உந்த வயசில உதென்ன விளையாட்டு" என்று கேட்டாள், நான் காரணம் சொல்லவில்லை.

படத்தில் நான் வெறுங்காலோடு நிற்கிறேன். இரண்டு கையும் தலைக்குமேல் கூப்பி இருக்கின்றன. எனக்கு முன்னால் மெழுகுதிரியும், மேலே தாயும் பிள்ளையுமாக ஒரு மாதா படமும். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்தில் தடித்த மீசையோடு ஒருவர், அவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதைப் பார்த்த எவரும் குலசிங்கத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். உங்களில் பிழையில்லை. நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இனி ஆதியிலிருந்து. துவாரகா வேலைத்தலத்தில் பழகிய பொடியனைத்தான் கட்டுவேன் என்று சொன்ன செய்தி தாங்கள் அறிந்தது. பொடியன் யார் என்று சொல்லமுன்பே நீங்கள் கல்யாணத்துக்கு வருவதற்கு விசாவும் எடுத்துவிட்டீர்கள். பிறகுதான் பெயர் மாக்கஸ் என்று தெரிந்தது. நீங்கள் "வரமாட்டேன்" என்று ஒரு சொல்லில் கடிதம் போட்டீர்கள். நான் உங்கள் தம்பிதானே, சும்மா இருப்பேனா. குசினியில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, "நான் உயிரோட இருக்குமட்டும் ஒரு சேர்ச்சுக்குள்ளையும் கால் வைக்கமாட்டன்" என்று சத்தியம் செய்தேன். மங்கை அப்போது புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். "கால் வைக்காட்டில் கையை வைச்சு அந்தக் குழலைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று சொன்னாள்.

மாக்கஸ் வீட்டில் காலையில் கோயிலில் தாலி கட்டச் சம்மதம், பின்னேரம் சேர்ச்சில் ஆசீர்வாதம் வேண்டும் என்றார்கள். நான் ஏலாது என்றேன். நீங்களும் ஏலாது. துவாரகா எங்கள் இரண்டு பேரோடும் சண்டை பிடிக்கவில்லை. "பெரியப்பா வராட்டில் நான் மணவறையில ஏறமாட்டன்" என்று மட்டும் சொன்னாள். அதோடு அறைக்குள் போய்விட்டாள். நானும் மங்கையும் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக் கிடந்த நாலு வருடமும் அவளை உங்கள் வீட்டில் வைத்துப் படிப்பித்தது நீங்கள். அவளுக்குச் சொல்லை எண்ணிப் பேசுகிற பழக்கமும் உங்களிடமிருந்து வந்ததுதான். ஆகவே அண்ணா, கார்த்திகைக்கு நாள் குறித்தாயிற்று, மண்டபம் எடுத்தாயிற்று, பெண் ஏறமாட்டேன் என்கிறாள். இதுதான் ஆவணி முடியும்போது எங்கள் வீட்டு நிலைமை.

இந்த நேரம் பார்த்து மாக்கஸின் தகப்பன் நீக்கிலாஸ் பிக்கரிங்கிலிருந்து வந்தார். படத்தில் நிற்கிற மீசைக்காரர் அவர்தான். பாசையூர் ஆள், ஊரில் மீன்பிடி இலாகா லொறி ஓடினவர், சத்தமாகச் சிரிப்பார். அவருடைய மூத்த மகள் நிரோஷினி ரோமாபுரியில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறா. அவவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், நீங்களும் வாருங்கோ, எல்லாரும் ஒன்றாகப் போய்வருவோம் என்றார். நான் வாயைத் திறக்கமுன்பே துவாரகா, "அப்பா, ஒரு கிழமை அவையளோட ஒண்டாய் இருந்து பாருங்கோ. பிடிக்காட்டில் வந்து சண்டை பிடியுங்கோ" என்றாள். நாங்கள் இப்போது கனடாப் பிரஜைகள், விசா என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

வெளிக்கிடுகிற அன்று காலை உங்கள் நீல நிற விமானக் கடிதம் ஒன்று மேசையில் கிடந்தது. கனகசபை சித்தப்பா செத்துப்போனார் என்ற செய்தி. எங்கள் அப்பாவின் சொந்தச் சித்தப்பாவின் மகன், உரித்துக்காரர், ஆகையால் சாவுத் தீட்டு எங்களுக்கும் உண்டு. "முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்காதே" என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். அண்ணா, இப்போது உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டி வாசித்தேன். மங்கைக்குச் சொன்னால் பயணம் நிற்கும், கல்யாணப் பேச்சு நிற்கும், நீக்கிலாஸ் இதைச் சாட்டு என்றுதான் நினைப்பார். கூரை ஒழுக்கிலிருந்து கடிதத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. துடைத்து, மடித்து, கோட்டின் உள் பொக்கற்றில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். மங்கைக்கு இன்றுவரை தெரியாது.

ஆக, ரோமாபுரியில் இறங்கும்போது என் நிலைமை இது. சத்தியத்தின்படி சேர்ச்சுக்குள் போகக்கூடாது. துடக்கின்படி கோயிலுக்குள் போகக்கூடாது. கோயில் எங்களுக்கு அங்கே எங்கே இருக்கப்போகிறது, ஒரு பக்கம் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். எல்லாரும் உள்ளே போனார்கள், மங்கை உட்பட. அவள் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை, வடிவாகச் சேலை கட்டிக்கொண்டு முன்வாங்கில் போய் இருந்தாள். நான் வாசலுக்கு வெளியே ஒரு மரத்தின்கீழ் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். ஒருவரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. முடிந்ததும் நீக்கிலாஸின் மனைவி அன்ரனெற் ஒரு தட்டில் கேக்கும் பற்றிஸும் வைத்து, மேலே ஒரு கடதாசி போட்டு மூடி, வெயிலுக்குள்ளால் நடந்து எனக்குக் கொண்டுவந்து தந்தா. "இறைச்சி போடாத பற்றிஸ், அண்ணை" என்றா. எனக்கென்று புறம்பாகச் செய்திருக்கிறா. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

திங்கட்கிழமைதான் விசயம் நடந்தது. நிரோஷினி எங்களை ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போனா. ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றால் திரும்பினால் ஒரு சதுக்கம், நடுவில் நீர்த்தொட்டி, எதிரே பதினாறு தூண் வைத்த முகப்பு. தூண் ஒவ்வொன்றும் ஒரே கல். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நீக்கிலாஸ் என் தோளில் தட்டி, "அண்ணை, உங்களுக்காகத்தான் இஞ்சை வந்தது. இது சேர்ச் இல்லை. கோயில்" என்றார். நிரோஷினியும், "ஓம் அங்கிள், ரோமர் எல்லாத் தெய்வத்துக்கும் எண்டு கட்டின கோயில். ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு மேல" என்றா. நான் முந்தின நாள் மரத்தின்கீழ் நின்றதை மனதில் வைத்துக்கொண்டு, தகப்பனும் மகளும் எனக்குப் போகக்கூடிய இடமாகத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கோ பொக்கற்றுக்குள் கனகசபை சித்தப்பா.

"நீங்கள் போட்டு வாங்கோ, எனக்குக் கால் உளையுது" என்று சொல்லி நீர்த்தொட்டிப் படியில் இருந்துவிட்டேன். நீக்கிலாஸின் முகம் சுருங்கியதைக் கண்டேன். அவர்கள் உள்ளே போனார்கள். நான் தூண்களுக்கு இடைத்தூரம் எத்தனை அடி இருக்கும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

அப்போது மழை வந்தது. சொல்லிக்கொண்டு வரவில்லை, வாளியால் கவிழ்த்ததுபோல வந்தது. சதுக்கத்தில் நின்ற சனம் முழுவதும் அந்த முகப்புக்குள் ஓடியது. நானும் ஓடினேன். முகப்பு கோயிலில் சேர்த்தியோ இல்லையோ என்று யோசிக்க நேரமில்லை. தூண், கல்படி, பெரிய வெண்கலக் கதவு, உள்ளே இருட்டு. இதையெல்லாம் கண்டவுடன் என் கால் என்னைக் கேட்கவில்லை அண்ணா. இரண்டு சப்பாத்தையும் தானாகவே கழற்றி, ஒரு தூணடியில் சோடியாக வைத்து, சொக்ஸைக் கழற்றி அதற்குள் திணித்துவிட்டது. அறுபத்தெட்டு வயதுவரை பழகின கால். பின்னால் ஒரு பஸ் நிறைந்த சுற்றுலாச் சனம் குடைகளோடு வந்து தள்ளியது. நான் நிமிர்ந்து பார்த்தபோது உள்ளே நின்றேன்.

உள்ளே போய் மேலே பார்த்தால் கூரையில் ஓட்டை. ஒழுக்கு என்று சொல்லவில்லை, ஓட்டை. இருபத்தேழு அடிக்குக் குறையாத வட்டம், கண்ணாடியுமில்லை தகரமுமில்லை, வானம் தெரிகிறது, மழை நேரே உள்ளே கொட்டுகிறது. நான் அங்கே நின்ற காவலாளியிடம் போய், கையால் மேலே காட்டி, கீழே காட்டி, முறைப்பாடு செய்தேன். அவன் சிரித்து நிலத்தைக் காட்டினான். அண்ணா, தளம் நடுவில் சற்றே உயர்ந்து பக்கங்களுக்குச் சரிகிறது. சரிவில் சின்னச் சின்னத் துவாரங்கள். விழுகிற தண்ணீர் அவற்றுக்குள் மாயமாக இறங்கிப்போகிறது. எவனோ ஒரு ரோமாபுரி ஓவசியர் அதைச் செய்திருக்கிறான், இன்றைக்கும் ஒரு துவாரமும் அடைபடவில்லை. எங்கள் குளியலறையில் ஒரு சொட்டு விழுவதை நிறுத்த இந்தக் கட்டடத்தான் மூன்று முறை வந்து தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடக்கும் மறந்தது, சத்தியமும் மறந்தது.

வட்டத்தின் சுற்றளவு எவ்வளவு என்று காலடியால் அளக்க வெளிக்கிட்டேன். பழக்கத்தால் வலமாகத்தான் போனேன். முதல் சுற்றில் ஒரு கிழவி குறுக்கே வந்து எண்ணிக்கை தப்பியது. இரண்டாம் சுற்றில் மங்கை கூப்பிட்டு எண்ணிக்கை தப்பியது. மூன்றாம் சுற்றில்தான் சரியாக வந்தது. இதை மங்கையும் அன்ரனெற்றும் நான் கோயிலை மூன்று தரம் வலம் வந்ததாக எண்ணிக்கொண்டார்கள். பிறகு நேர் நடுவில் நின்று பார்க்கவேண்டும்போல இருந்தது. அங்கே ஒருவரும் மழைக்குள் போகாதபடி கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். நான் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய் அண்ணாந்து நின்றேன். தலை நனைந்தது அதனால்தான். பாதிரியார் எவரும் பக்கத்தில் இல்லை. காவலாளிதான் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான்.

அவன் கொண்டுவந்து விட்ட இடம் பீடத்துக்கு முன்னால். அங்கேதான் மெழுகுதிரியும் தாயும் பிள்ளையும். அப்போதுதான் நீக்கிலாஸ் மெல்ல வந்து, "அண்ணை, ஒண்டு சொல்ல மறந்திட்டன். கோயிலாய் இருந்தது முந்தி. பேந்து ஆயிரத்து முன்னூறு, நானூறு வருசமாய் இது சேர்ச்தான். சனிக்கிழமையில பூசையும் நடக்குது. உங்களுக்குச் சொன்னால் வரமாட்டியள் எண்டு சொல்லேல்லை" என்றார். கோயில் என்று சொல்லி என்னை ஏமாற்றினார் என்று எனக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் நானும் பொக்கற்றில் ஒரு கடிதத்தை ஒளித்துக்கொண்டு நிற்கிறவன். யாரை நான் பேசுவது?

இனி நீங்கள் கேட்ட விசயம். நிரோஷினி படம் எடுத்த அந்த நேரம் தலைக்குமேல் கை போனது அளப்பதற்கு என்று எழுதலாம் என்று முதலில் யோசித்தேன். அது பொய். கும்பிட்டேன் அண்ணா. எந்தத் தெய்வத்துக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விலாசம் எழுதாத கடிதம் மாதிரி, யார் பொறுப்போ அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று கும்பிட்டேன். கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கடை அண்ணை கல்யாணத்துக்கு வரவேணும்." உங்களோடு பிடிவாதம் பிடித்து நானும் சத்தியம் செய்தேனே தவிர, நீங்கள் இல்லாமல் என் பிள்ளையின் கல்யாணத்தை என்னால் பார்க்க முடியாது. இதை உங்களுக்கு முன்னமே எழுதியிருக்கவேண்டும். எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதிவிட்டேன்.

வெளியே வந்தால் சப்பாத்தைக் காணோம். எல்லாத் தூணடியிலும் பார்த்தேன். கூட்டுகிறவர்கள் எடுத்தார்களோ, குப்பை என்று நினைத்தார்களோ, அளவு சரியாக இருந்த ஒருவன் போட்டுக்கொண்டு போனானோ தெரியாது. பதினாறு தூண் வைத்துக் கட்டினவர்கள் சப்பாத்துக் காவலுக்கு ஒரு கொட்டில் வைக்கவில்லை. துவாரகா தன் முதற் சம்பளத்தில் வாங்கித் தந்த சப்பாத்து. அதுவும் போய், ஈரக் கல்லில் கால் விறைக்க, வெள்ளைக்காரர் எல்லாம் பார்க்க, நான் கோட்டும் ரையும் வெறுங்காலுமாக நிற்கிறேன்.

நீக்கிலாஸ் ஒரு நிமிடம் என் காலைப் பார்த்தார். பிறகு அந்தப் படியிலே குந்தி, தன் சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸை உருவி என்னிடம் நீட்டினார். "போடுங்கோ, காலமைதான் மாத்தினது" என்றார். எனக்கு அவருடைய சப்பாத்துச் சின்னன், போட ஏலாது. அவர் திரும்பத் தன் சப்பாத்தைப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. இரண்டையும் கயிற்றில் முடிந்து தோளில் கொழுவிக்கொண்டு, "ஊரில நாங்களும் மாதா கோயிலுக்குக் கழட்டிப்போட்டுத்தான் போறனாங்கள் அண்ணை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்துதான் மறந்துபோச்சு" என்று சொல்லி, என்னோடு பஸ் தரிப்பிடம்வரை முக்கால் மைல் வெறுங்காலோடு நடந்தார். நான் சொக்ஸோடு, அவர் அதுவுமில்லாமல். வழியில் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த முக்கால் மைலில்தான் அவர் எனக்குச் சம்பந்தி ஆனார். வேறு பேச்சு வார்த்தை எதுவும் நடக்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இதில் தாங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். அந்தக் கட்டடம் கோயில் என்றால், நான் துடக்கோடு கோயிலுக்குள் போனவன், ஆனால் சத்தியத்துக்குப் பங்கமில்லை. அது சேர்ச் என்றால், துடக்குக்குப் பங்கமில்லை, ஆனால் சத்தியம் போயிற்று. இந்த யோசனையில் இரவிரவாகப் புரண்டேன். விடியப்புறம் நிரோஷினி தேத்தண்ணியோடு வந்து, அந்த நாட்டு இராசாக்கள் இரண்டு பேரையும் ஒரு பெரிய ஓவியரையும் அதற்குள்ளேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று சொன்னா. எனக்குப் பெரிய நிம்மதி. சவம் அடக்கின இடம் என்றால் அது மயானம். துடக்குக்காரன் மயானத்துக்குப் போக ஒரு தடையும் இல்லை. மயானத்துக்குப் போகமாட்டேன் என்று நான் சத்தியமும் செய்யவில்லை. போய் வந்தால் தலையில் தண்ணீர் வார்க்கவேண்டும், அதுவும் அங்கேயே மேலேயிருந்து வார்த்தாயிற்று. தங்களுக்குப் படத்தில் ஞானஸ்நானமாகத் தெரிந்தது அந்த முழுக்குத்தான்.

முப்பத்தொரு நாளும் இப்போது கழிந்துவிட்டது. வீட்டைக் கழுவி, கனகசபை சித்தப்பாவின் பெயரால் பிள்ளையார் கோயிலில் ஒரு அர்ச்சனையும் செய்தேன். மங்கை எதற்கென்று கேட்டாள், காய்ச்சலுக்கு என்றேன்.

கல்யாணம் காலையில் கோயில் மண்டபத்தில் தாலி கட்டு, பின்னேரம் பிக்கரிங் சேர்ச்சில் ஆசீர்வாதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். குசினியில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் உள்ளே போய் முன்வாங்கில் இருக்கப்போகிறேன். உங்களை வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் விசா தை மாதம்வரை செல்லும். துவாரகா பெரியப்பாவுக்கென்று வேட்டி சால்வை எடுத்துத் தன் அறையில் வைத்திருக்கிறாள். கேட்டால், வராவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும் என்கிறாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை அண்ணா.

கதை வேண்டாம் என்றீர்கள். ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதச் சொன்னீர்கள்.

இல்லை.

அண்ணிக்கு மங்கையின் அன்பு. கிருபனுக்கு என் ஆசிகள், அவன் தலைமயிரை வெட்டச் சொல்லவும். தங்கள் பாதம் பணிந்து முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
குலசிங்கம்

பி.கு.: முத்திரை ஒட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போன மங்கை, குசினியில் நின்று இதை முழுவதும் வாசித்துவிட்டாள். வந்து என் முன்னால் இருந்தாள். "கனகசபை மாமா செத்த கடிதத்தை நீங்களோ ஒளிச்சனீங்கள்? தபால் பெட்டியால எடுத்து, ஆவியில பிடிச்சு, வாசிச்சு, திரும்ப ஒட்டி மேசையில வைச்சது நான். மனுசனுக்குத் தொண்ணூற்றிரண்டு வயசு. பயணம் குழம்பக்கூடாதெண்டு நானும் பேசாமல் இருந்தனான்" என்றாள். நான் பதில் சொல்லமுன்பே, "படம் அனுப்பினதும் நான்தான். அத்தானைக் கெஞ்சினால் வரமாட்டார். கோவம் வந்தால்தான் பிளேன் ஏறுவார்" என்றாள். பாவம் ஸ்ரீஸ்கந்தராசா. நாளைக்குப் பதினோராம் மாடிக்கு இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கிருபன் தொலைபேசி எடுத்தான். "சித்தப்பா, அப்பா டிக்கெட் போட்டிட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் இறங்குவார். உங்களை நேரில பாத்துத்தான் கேக்கப்போறாராம், ஓமோ இல்லையோ எண்டு. கடிதத்தில நீங்கள் கதை அளப்பீங்களாம்" என்றான். துவாரகா கேட்டுவிட்டு அறைக்குள் போய் வேட்டியை எடுத்து வெளியே வைத்து அயன் பண்ணிக்கொண்டு நிற்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, விமான நிலையத்தில் கையில் தருகிறேன். அங்கே நின்று வாசிக்கவேண்டாம், வேனுக்குள் ஏறி இருந்து வாசியுங்கள். வேன் நீக்கிலாஸுடையது. உங்களுக்கென்று தடித்த சொக்ஸ் இரண்டு சோடி வாங்கி வைத்திருக்கிறார். ஏன் இரண்டு என்று கேட்டேன். "உங்கடை அண்ணை ரெண்டு வாசலிலையும் சப்பாத்தைக் கழட்டுவார் தானே, கோயிலுக்கு ஒண்டு, சேர்ச்சுக்கு ஒண்டு" என்றார்.